நாடு பானை அல்ல

“தம்பி, மலாய்க்காரன் உழைக்க மாட்டான். வங்காளதேசி கை வைக்காமப் போக மாட்டான். இந்த ஊர்ல மாடா உழைச்சது நம்ம ஆளு ஒருத்தன்தான்.”

ஒரு வெள்ளிக்கிழமை இரவு மலேசியாவின் கிள்ளானிலிருந்து வந்த செய்தி இது. அனுப்பியவருக்கு எழுபது வயதை ஒட்டியிருக்கும். பழைய இசைத்தட்டுகளைத் தேடுபவர்களுக்கான வாட்ஸப் குழு ஒன்றில் நான்கு வருடப் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. நான் கேட்ட ஒரு தட்டின் லேபிளைப் படமெடுத்து அனுப்புவதற்காக, கொட்டும் மழையில் இன்னொருவர் வீடுவரை போய்வந்த மனிதர். குழுவில் 140 பேர். அவர் எழுதிய ஐந்து நிமிடத்துக்குள் அந்த வரிகளுக்குக் கீழே 11 கட்டைவிரல்கள் முளைத்துவிட்டன. நான் ஒன்றும் எழுதவில்லை. சற்று நேரம் கழித்து ஏதோ ஒரு பாட்டின் ராகத்தைக் கேட்டுப் பேச்சைத் திருப்பினேன்.

அன்றிரவு அது சாமர்த்தியமாகப் பட்டது. மறுநாள் காலை அப்படிப் படவில்லை. இணையத்தில் மட்டுமே தெரிந்த ஒருவர் ஒரு நாட்டையே ஒரு வரியில் முடித்துவைக்கிறார். கேட்டுக்கொண்டிருப்பவர் வாய் திறக்க வேண்டுமா? திறந்தால் ஏதாவது நடக்குமா? இந்தக் கேள்விக்கு உபதேசங்கள் ஏராளம். நான் தேடியது சோதித்துப் பார்த்தவர்களை.

முதலில் அந்த வாக்கியத்தின் இலக்கணம். 16 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் ஒரு நாடு, ‘வங்காளதேசி’ என்ற ஒற்றை ஆளாகிவிட்டது. ஒருமை, ஆண்பால். தமிழில் ஒரு கூட்டத்தைப் பற்றி ஒட்டுமொத்தமாகப் பேச நாம் பன்மையைத் தேடிப் போவதில்லை. சீனாக்காரன், ஜப்பான்காரன், வெள்ளைக்காரன் என்று ஒருவனை நிறுத்தினால் போதும். வினையைப் பாருங்கள்: ‘செய்வான்’, ‘செய்ய மாட்டான்’. எதிர்காலம் என்று பள்ளியில் படித்த இந்த வடிவத்தைப் பேச்சில் வழக்கத்தைச் சொல்லவும் இயல்பைச் சொல்லவும் பயன்படுத்துகிறோம். சூரியன் கிழக்கே உதிக்கும். நாய் குரைக்கும். மலாய்க்காரன் உழைக்க மாட்டான். மூன்றும் ஒரே வாய்பாடு என்பதால் முதல் இரண்டின் உறுதி மூன்றாவதற்கும் ஒட்டிக்கொள்கிறது.

இதைக் குழந்தைகளிடம் சோதித்திருக்கிறார்கள். மர்ஜோரி ரோட்ஸ், சாரா-ஜேன் லெஸ்லி, கிறிஸ்டினா ட்வோரெக் மூவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், உலகில் இல்லாத ‘ஸார்பி’ என்ற கூட்டத்தைப் பற்றி ஒரு படப்புத்தகம் தயாரித்தார்கள். ஸார்பிகளில் ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. நிறத்திலும் வயதிலும் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை. ஒரு பகுதியினருக்கு “இந்த ஸார்பிக்குப் பொறிவண்டு என்றால் பயம்” என்று வாசித்துக் காட்டினார்கள். இன்னொரு பகுதியினருக்கு “ஸார்பிகளுக்குப் பொறிவண்டு என்றால் பயம்”. படம் ஒன்றுதான், மாறியது எழுவாய் மட்டும். பொதுவாக்கியம் கேட்ட நான்கு வயதுக் குழந்தைகள், ஸார்பிகள் பிறவியிலேயே வேறு வகை, அந்தப் பயம் அவர்கள் ரத்தத்தில் இருப்பது என்று எண்ணத் தொடங்கினார்கள். பெரியவர்களும் அப்படியே. எந்த அவதூறும் வேண்டியிருக்கவில்லை, வாக்கியத்தின் வடிவமே வேலையைச் செய்துவிட்டது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பானைக்கு அது சரி. ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. ஆனால் ஒரு நாட்டுக்கு அப்படி ஓர் உலை கிடையாது. அதோடு, பெரும்பாலும் நாம் அந்த ஒரு சோற்றைக்கூட எடுத்து நசுக்கிப் பார்ப்பதில்லை. 1933இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேனியல் காட்ஸ், கென்னத் பிரேலி என்ற இருவர் 100 மாணவர்களிடம் 84 குணங்களின் பட்டியலைக் கொடுத்து, பத்து இனங்களுக்கும் நாட்டினருக்கும் பொருத்தச் சொன்னார்கள். மாணவர்கள் தயங்காமல் பொருத்தினார்கள். ஜெர்மானியர் அறிவியல் மூளை, இத்தாலியர் கலைஞர்கள். துருக்கியர்? கொடூரமானவர்கள். அந்த மாணவர்களில் எத்தனை பேர் ஒரு துருக்கியரோடு உட்கார்ந்து பேசியிருப்பார்கள்? யூஜின் ஹார்ட்லி இன்னும் ஒரு படி மேலே போனார். 1946இல் வந்த அவருடைய நூலில் விவரிக்கப்படும் கணிப்பில், உண்மையான நாட்டினரின் பெயர்களுக்கு நடுவே டேனிரியர், பைரீனியர் என்று கற்பனைப் பெயர்களையும் செருகியிருந்தார். மற்றவர்களை வெறுத்தவர்கள் இல்லாத டேனிரியரையும் வெறுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடிவைக்க ஒப்பவில்லை.

‘நெருப்பில்லாமல் புகையுமா?’ என்று கேட்கலாம். நானும் கேட்டேன். ஒரு கூட்டத்தைப் பற்றிய பொதுப் பேச்சு எல்லாமே பொய் என்று சொல்லிவிட முடியாது. லீ ஜஸ்ஸிம் என்ற அமெரிக்க உளவியலாளர் பல வருடங்களாக வாதிட்டு வருவது இதைத்தான்: ஆண்-பெண், வயது போன்ற விஷயங்களில் மக்களின் பொது மதிப்பீடுகள் புள்ளிவிவரங்களோடு ஓரளவு ஒத்தே போகின்றன. ஆனால் நாட்டுக் குணம் என்று வரும்போது அந்த ஒப்புமை பலவீனம் என்பதை அவர் தரப்பே ஒத்துக்கொள்கிறது. அதற்குக் காரணமான ஆய்வு 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. அந்தோனியோ டெராச்சியானோவும் ராபர்ட் மெக்ரேயும் உலகெங்கும் உள்ள பல ஆய்வாளர்களும் சேர்ந்து 49 பண்பாடுகளில் ஏறத்தாழ 4,000 பேரிடம் ‘உங்கள் நாட்டுக்காரர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டார்கள். பதிலை, அதே நாடுகளில் தனி மனிதர்களின் ஆளுமையை அளந்த தரவுகளோடு பொருத்தினார்கள். பொருந்தவில்லை. கனடாக்காரர்கள் தங்களை அடங்கிப்போகிறவர்கள் என்றார்கள், அமெரிக்கர்கள் தங்களை முன்னால் நிற்கிறவர்கள் என்றார்கள். அளந்து பார்த்தால் இரு நாட்டு எண்களும் கிட்டத்தட்ட ஒன்று. கவனியுங்கள், இவர்கள் அடுத்த நாட்டைப் பற்றிப் பேசவில்லை. சொந்த நாட்டையே தவறாகச் சொன்னார்கள்.

கிள்ளான் அண்ணனின் முதல் வாக்கியத்துக்கு வருவோம். மலாய்க்காரன் சோம்பேறி என்பது அவராகப் பார்த்து அறிந்தது என்றுதான் அவர் நம்புகிறார். அந்த வரிக்கு அவரைவிட வயது அதிகம். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த மலாய் கூட்டு மாநிலங்களின் முதல் ரெசிடென்ட் ஜெனரலாக 1896இல் பதவியேற்ற ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹம், 1906இல் எழுதிய நூலில், எந்த வகுப்பைச் சேர்ந்த மலாய்க்காரராக இருந்தாலும் வேலையில் நாட்டமின்மையே அவருடைய தலையாய குணம் என்று எழுதி வைத்தார். அவருக்கு முன்பும் பின்பும் அதிகாரிகளும் பயணிகளும் அதையே எழுதினார்கள்.

இந்த வரியின் பூர்வீகத்தைத் தோண்டியவர் மலேசியச் சமூகவியலாளர் சையத் ஹுசைன் அலாட்டாஸ். சோம்பேறிச் சுதேசி என்பது ஒரு கட்டுக்கதை என்று தலைப்பிலேயே சொல்லும் அவருடைய நூல் 1977இல் வந்தது. மலாய்க்காரர், ஜாவாக்காரர், ஃபிலிப்பினோக்கள் ஆகியோர் மீது 16ஆம் நூற்றாண்டிலிருந்து ஒட்டப்பட்ட முத்திரையை அவர் ஆவணம் ஆவணமாகப் பின்தொடர்கிறார். அவர் கேட்பது எளிய கேள்வி. மலாய் விவசாயி நெல் விதைத்தார், மீன் பிடித்தார், காடு திருத்தினார், படகு கட்டினார். இவையெல்லாம் உழைப்பு இல்லையா? காலனி அகராதியில் இல்லை. வெள்ளைக்காரரின் சுரங்கத்திலும் தோட்டத்திலும் கூலிக்குப் போனால்தான் அது உழைப்பு. சொந்த நிலமும் ஆறும் இருந்தவர் துரையின் கீழ் வேலை செய்ய மறுத்தார். அந்த மறுப்புக்குச் சூட்டப்பட்ட பெயர் சோம்பல். இதற்கு ஏறத்தாழ 90 வருடம் முன்பே, 1890இல், ஃபிலிப்பைன்ஸ் எழுத்தாளர் ஹோசே ரிசால் ஃபிலிப்பினோக்களின் சோம்பல் பற்றி மாட்ரிட்டில் வெளிவந்த ‘லா சோலிடாரிடாட்’ இதழில் தொடராக எழுதியிருக்கிறார். அவர் அதை மறுக்கக்கூட இல்லை. இருக்கிறது, ஆனால் அது நோயின் காரணமல்ல, விளைவு என்றார். விளைந்ததெல்லாம் பறிபோகும் இடத்தில் யார் முதுகொடிய உழைப்பார்கள் என்பது அவர் வாதம். வேடிக்கை என்னவென்றால், மலாயாவின் விடுதலைக்குப் பிறகும் இந்த முத்திரை போகவில்லை. 1971இல் மலேசியாவின் அன்றைய ஆளுங்கட்சியான அம்னோவிலிருந்து வெளிவந்த ‘மனப்புரட்சி’ என்ற நூல், மலாய்க்காரரின் குறைகளாக ஏறக்குறைய அதே காலனிப் பட்டியலைத் தானே முன்வைத்தது. அலாட்டாஸ் அதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கிக் கண்டிக்கிறார்.

இனி இந்தக் கதையில் நம்முடைய பங்கு. மலாய்க்காரர் வரமாட்டார் என்றதும் யார் வந்தார்கள்? தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் கப்பலேறியவர்கள். முதலில் ஒப்பந்தக் கூலிகளாக, அது 1910இல் முடிவுக்கு வந்தது. பிறகு கங்காணிகள் அழைத்துவந்த ஆட்களாக, அது 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை நடந்தது. துரை, கிராணி, தண்டல், கங்காணி என்ற படிக்கட்டின் அடியில் லயத்து வீடுகளில் அவர்கள் இருந்தார்கள். விடியுமுன் பெரட்டு என்ற வருகைக் கணக்கெடுப்பு, பிறகு ரப்பர் பால்மரம். துரைமார்களின் எழுத்தில் அவர்களுக்கும் ஒரு முத்திரை உண்டு. தமிழன் சாது. சொன்னதைச் செய்வான். குறைந்த கூலிக்கு வருவான். அடங்கி நடப்பான். மலாய்க்காரன் சோம்பேறி, சீனன் பேராசைக்காரன், தமிழன் அடங்கியவன் என்பது தனித்தனியாக மூன்று கருத்துகள் அல்ல. ஒரே பேரேட்டில் ஒரே கை எழுதிய மூன்று பதிவுகள். யாருக்கு எவ்வளவு கொடுத்தால் போதும் என்று தீர்மானிக்கத்தான் அந்தப் பேரேடு. அதில் ஒரு பதிவை மட்டும் நாம் எடுத்து வழிமொழிய முடியாது.

அடங்கியவன் என்ற பதிவு எவ்வளவு பொய் என்பதற்கு அண்ணனின் ஊரே சாட்சி. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வு ஒரு கோரிக்கை. கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது ஒன்று. எதிரே துரை வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பது இன்னொன்று. அவர்களின் தலைவர் ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் ராணுவம் இறக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். சைக்கிளிலிருந்து இறங்க மாட்டேன் என்பதற்காக உயிர் கொடுத்த கூட்டத்தைத்தான் சாது என்று எழுதி வைத்திருந்தார்கள்.

இன்று யாரும் கேள்வி கேட்காத புகழுரைகளுக்கும் இதே கதிதான். ஜப்பான்காரன் நேரம் தவற மாட்டான் என்று மாதம் ஒருமுறையாவது யாராவது நமக்கு அனுப்பிவைக்கிறார்கள். 1857இல் நாகசாகிக்குக் கடற்படைப் பயிற்சி தரப் போன டச்சு அதிகாரி ஹைசென் வான் கட்டன்டைக்கா, ஜப்பானியர்களுக்குக் காலம் என்ற உணர்வே இல்லை என்ற ரீதியில் அலுத்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைய ஜப்பானில் பகலை ஆறு பங்காகவும் இரவை ஆறு பங்காகவும் பிரிப்பார்கள். கோடையில் பகலின் ஒரு ‘மணி’ நீளும், குளிர்காலத்தில் சுருங்கும். நிமிடத்துக்கு அந்த வாழ்க்கையில் வேலையே இல்லை. 1872இல் ஷிம்பாஷியிலிருந்து யோக்கோஹாமாவுக்கு ரயில் வந்தது. 1873 ஜனவரி 1 முதல் மேற்கத்திய நாட்காட்டியும் 24 மணிக் கணக்கும் வந்தன. தொழிற்சாலைச் சங்கு வந்தது, பள்ளிக்கூட மணி வந்தது. அப்படியும் போதாமல், 1920இல் ஜூன் 10ஐ ‘நேர நாள்’ என்று அறிவித்து மக்களுக்கு நேரந்தவறாமையைப் பிரசாரம் செய்ய வேண்டியிருந்தது. பழக்கத்தை ரத்தம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

காற்று திசைமாறினால் முத்திரையும் மாறும். 1959இல் துர்கானந்த் சின்ஹாவும் உபாத்யாயாவும் இந்தியப் பல்கலைக்கழக மாணவர்களிடம் இருமுறை கருத்துக் கேட்டார்கள், பிப்ரவரியில் ஒருமுறை, டிசம்பரில் ஒருமுறை. இடையில் இந்திய-சீன எல்லையில் மோதல்கள் நடந்திருந்தன. பிப்ரவரியில் சீனர்கள் நட்பானவர்கள், முன்னேறுகிறவர்கள், நேர்மையானவர்கள். டிசம்பரில் ஏமாற்றுக்காரர்கள், சுயநலக்காரர்கள், போர்வெறியர்கள். பத்து மாதத்தில் ஒரு தேசத்தின் பிறவிக் குணம் தலைகீழானது. அந்த மாணவர்களில் எத்தனை பேர் அந்தப் பத்து மாதத்தில் ஒரு சீனரைச் சந்தித்திருப்பார்கள் என்று கேட்கவே வேண்டாம்.

சரி, வரி பொய். பொய் என்று தெரிந்தாலே மல்லுக்கு நிற்க வேண்டும் என்று ஆகிவிடுமா? இங்கேதான் எனக்கு ஓர் இடறல். சொல்வதை வைத்து அந்த மனிதரை எடைபோட முடியுமா என்ற சந்தேகம்.

ரிச்சர்ட் லாப்பியர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1930களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியைக் காரில் அழைத்துக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றினார். சீனர்கள் மீது கடும் வெறுப்பு நிலவிய காலம். 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் நுழைந்தார்கள். ஒரே ஓர் இடத்தில்தான் மறுத்தார்கள். பிறகு அதே இடங்களுக்கு அவர் கடிதம் எழுதினார்: சீனர்களை அனுமதிப்பீர்களா? பதிலளித்த 128 பேரில் 90 சதவீதத்துக்கும் மேல் மாட்டோம் என்றார்கள். அவர்களுக்கே சாப்பாடு பரிமாறிய இடங்கள்! சொல்லும் செயலும் இப்படி இரு திசையில் போகும் என்றால், கிள்ளான் அண்ணனின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவரை இனவெறியர் என்று முடிவுகட்டுவதும் ஒரு சோற்றில் பதம் பார்ப்பதுதான்.

ஆனாலும் பேசாமலிருப்பது பேசாமலிருப்பதோடு முடிவதில்லை. மௌனம் சம்மதம் என்று கல்யாணப் பேச்சில் சொல்வார்களே, குழுக்களிலும் அதே கணக்கு. பிரின்ஸ்டனில் குணப்பட்டியல் கொடுத்த அதே டேனியல் காட்ஸ், ஃபிளாய்ட் ஆல்போர்ட் என்பவரோடு சேர்ந்து 1931இல் ஒரு கருத்தை முன்வைத்திருந்தார்: ஒரு கூட்டத்தில் பலரும் ஒன்றை மனசுக்குள் ஏற்காமலே இருக்கலாம், ஆனால் ஒவ்வொருவரும் மற்றவர்கள் ஏற்கிறார்கள் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். எங்கள் குழுவில் கட்டைவிரல் காட்டியவர் 11 பேர். எழுதியவர் போக மீதி 128 பேரும் என்னைப் போல ராகம் கேட்டவர்களாக இருந்திருந்தால்? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 139 பேரும் ஒரே பக்கம்.

நாம் நம்மைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பும் நம்பத்தக்கதல்ல. 2009இல் கனடாவில் கெர்ரி கவகாமியும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய சோதனையில், ஒருவர் கறுப்பினத்தவரைப் பற்றி இழிவாகப் பேசும் காட்சியை விவரித்து, நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள் என்று சிலரிடம் கேட்டார்கள். கொதிப்போம், அவரோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டோம் என்றார்கள். வேறு சிலரை நிஜமாகவே அந்தக் காட்சிக்குள் உட்கார வைத்தார்கள். அவர்கள் பெரிதாக ஒன்றும் கொதிக்கவில்லை. பேசியவரையே கூட்டாளியாகத் தேர்ந்தெடுக்கவும் தயங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை இரவு நான் இருந்தது இந்த இரண்டாவது அறையில்தான்.

பேசினால் என்ன ஆகும்? 2006இல் அலெக்சாண்டர் சாப், மார்கோ மான்டீத், ஏமி மார்க் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடி விடை. கலந்துகொண்டவர்கள் முகம் தெரியாத ஒரு கூட்டாளியோடு கணினி வழியே பேசினார்கள். முத்திரை குத்தும் பதிலை அவர்கள் சொன்னபோது, கூட்டாளி அதைச் சுட்டிக்காட்டினார். சுட்டிக்காட்டப்பட்டவர்களுக்குக் கோபம் வந்தது, சுட்டிக்காட்டியவரைப் பிடிக்காமல் போனது. ஆனால் அடுத்த சுற்றில் அதே மாதிரி பதில்கள் குறைந்தன. கடுமையாகச் சொன்னாலும் மென்மையாகச் சொன்னாலும் குறைந்தன. கடுமையாகச் சொன்னபோது எரிச்சல் மட்டும் அதிகம். சுருக்கமாகச் சொன்னால், வாய் திறந்ததற்கு விலை உண்டு, பலனும் உண்டு.

விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. பாதிக்கப்பட்டவர் தாமே எழுந்து ‘இது பாரபட்சம்’ என்றால் உலகம் அவரைப் புலம்புகிறவர் என்று பட்டம் கட்டுகிறது. ஷெரில் கைசரும் கரோல் மில்லரும் 2001இல் இதைக் காட்டியிருக்கிறார்கள். வெளியாள் சொன்னால் அந்தப் பட்டம் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. 2017இல் கெவின் மங்கரின் ட்விட்டர் சோதனை இன்னும் கூர்மையானது. கறுப்பினத்தவரை இழிவுச் சொல்லால் வசைபாடிய வெள்ளை ஆண்களுக்கு, ‘மறுமுனையில் நிஜ மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வலிக்கும்’ என்ற பொருளில் ஒற்றை வரியை அனுப்பினார், தாமே உருவாக்கிய போலிக் கணக்குகளிலிருந்து. சில கணக்குகளில் கறுப்பர் படம், சிலவற்றில் வெள்ளையர் படம். சிலவற்றுக்கு நிறையப் பின்தொடர்பவர்கள், சிலவற்றுக்குக் கொஞ்சம். வெள்ளையராகவும் செல்வாக்குள்ளவராகவும் தெரிந்த கணக்கு சொன்னபோதுதான் வசை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. நியாயமில்லாத முடிவுதான். ஆனால் கடமை யாருடையது என்பதை அது தெளிவாகச் சொல்கிறது. கிள்ளான் அண்ணனிடம் ஒரு வங்காளதேசி சொன்னால் அது சண்டை. ‘நம்ம ஆளு’ சொன்னால் பேச்சு.

எப்படிச் சொல்வது என்பதற்கும் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட சோதனையில், வெறுப்புப் பதிவிட்ட 1,350 ட்விட்டர் பயனர்களைப் பிரித்து, சிலருக்குக் கேலியாகவும், சிலருக்கு ‘இதை உன் வீட்டாரும் பார்ப்பார்கள்’ என்ற எச்சரிக்கையாகவும், சிலருக்குப் பாதிக்கப்படுபவர் நிலையை எடுத்துச் சொல்லியும் பதில் அனுப்பினார்கள். கேலி பலிக்கவில்லை. எச்சரிக்கையும் பலிக்கவில்லை. மூன்றாவது மட்டும் பலித்தது, அதுவும் சிறிய அளவில். மீம் போட்டு மடக்கிவிட்டோம் என்று மகிழ்கிறவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

எல்லா இடத்திலும் பேச வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் கொடுப்பவரிடம் பேசுவது வேறு கணக்கு. வம்புக்கென்றே தூண்டில் போடும் முகமறியாதவர்களிடம் பேசுவது நேர விரயம். முத்திரை விழுவது உங்கள் மீதே என்றால் ஒதுங்கிப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மழையில் போய்ப் படமெடுத்து அனுப்பும் ஒருவர் இந்த மூன்று வகையிலும் சேர மாட்டார். அவரிடம் பேசாமல் இருப்பது மரியாதையாகாது, அவரைக் கைகழுவுவதுதான்.

ஒன்பது நாள் கழித்துத் தனிச்செய்தியில் எழுதினேன். அலாட்டாஸையோ ஸ்வெட்டன்ஹமையோ இழுக்கவில்லை. எழுதியது இவ்வளவுதான்: “அண்ணே, அன்னைக்கு வங்காளதேசின்னு சொன்னீங்களே, யாரைச் சொன்னீங்க?”

நீல டிக் விழுந்தது. ‘தட்டச்சு செய்கிறார்’ என்று வந்து வந்து மறைந்தது. அன்று பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல்செய்தியாக நான்கு நிமிடம் பேசியிருந்தார். மகனின் கடையில் வேலைக்கு இருந்த ஒரு வங்காளதேசிப் பையன் கல்லாவிலிருந்து 300 ரிங்கிட் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். பணம் பெரிதல்ல, நோன்புப் பெருநாளுக்கு அவனுக்குத் துணி எடுத்துக் கொடுத்த மறுவாரம் போனானே என்பதுதான் ஆற்றாமை. ஒரு நாட்டின் மேல் விழுந்த பழிக்குப் பின்னால் ஒரு சட்டை இருந்தது.

“இப்பக் கடையில யாருண்ணே?”

“அவனும் வங்காளதேசிதான். இவன் நல்ல பையன். இவன் வேற மாதிரி.”

ஃபிளாய்டின் தம்பி கோர்டன் ஆல்போர்ட் 1954இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்: வேலியை மறுபடி கட்டுதல். நல்லவன் ஒருவன் எதிர்ப்பட்டால் அவனை மட்டும் உள்ளே விட்டுவிட்டு, படலைத் திரும்ப இழுத்துச் சாத்திக்கொள்வது. நான் அதைச் சொல்லவில்லை. அந்தப் பையனின் பெயரைக் கேட்டேன். சொன்னார். ஊர் சில்ஹெட் பக்கம் என்றும், தங்கைக்குக் கல்யாணம் முடிக்கப் பணம் சேர்க்கிறான் என்றும் அவராகவே சேர்த்துச் சொன்னார். பிறகு 1941 வேலைநிறுத்தத்தைப் பற்றிக் கேட்டேன். அவருடைய அப்பா அப்போது தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர். சைக்கிள் கதை அவருக்குத் தெரிந்திருந்தது. நான் படித்ததைவிட அதிகம் தெரிந்திருந்தது. துரைக்கு நம்மைப் பற்றி என்ன நினைப்பு இருந்தது என்று கேட்டதற்கு, “அடிச்சா வாங்கிக்குவான்னு நினைச்சான்” என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு, “மலாய்க்காரன் அடிச்சா வாங்கிக்க மாட்டான், அதான் அவனைக் கூப்பிடல” என்றார். அது அலாட்டாஸின் நூலுக்கு அவர் எழுதிய ஒருவரிச் சுருக்கம் என்பது அவருக்குத் தெரியாது.

இது நடந்து எட்டு மாதமாகிறது. குழுவில் யார் யாரைப் பற்றியோ இன்னும் ஒருவரிச் செய்திகள் வருகின்றன, ஒன்றிரண்டு பேர் இப்போது “யாரைச் சொல்றீங்க?” என்று கேட்கிறார்கள், கட்டைவிரல்களும் விழத்தான் செய்கின்றன. கடையில் இருக்கும் பையனை அண்ணன் பெயர் சொல்லித்தான் எழுதுகிறார். போன மாதம் அவனுக்குக் காய்ச்சல் என்று எழுதியிருந்தார். மலாய்க்காரன் மட்டும் இன்னும் ஒருமையில்தான் இருக்கிறான்.